காய்ச்சல் கண்ட குதிரை



வடநாட்டில் வாழும் உங்களிற் பலர் வைஷ்ணவதேவி கோயிலுக்குச் சென்றிருப்பீர்கள். மலையடிவாரத்துக் கட்ராவில் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் யாத்திரிகர்களைச் சுமக்கக் காத்து நிற்கும். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கேதான் குதிரை இன்புளூயன்ஸா தலைகாட்டிற்று. 1987-இல் நம் நாட்டைத் தாக்கிய பின் அடங்கியிருந்த அவ்வியாதி, விரைவில் வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது.

இந்நோயின் வைரஸ் மூச்சுக்குழலின் உட்சவ்வில் குடியேறி, தூசியை வெளித்தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை அழிக்கிறது. அதனை எதிர்க்க இரத்தத்தின் வெள்ளணுக்கள் விரைகின்றன. அவை ஏந்தும் ஆயுதம் விந்தையானது. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவாகிய ஆக்சிஜனின் தீவிர வடிவங்களே அவ்வாயுதம். அளவோடிருந்தால் அது நோயை அடக்கும். மிஞ்சினாலோ, இரும்பைத் துரு அரிப்பதுபோலக் குதிரையின் சொந்த உயிரணுக்களின் சவ்வையே அரிக்கும். இந்நிலையை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பர்.

அதனைத் தணிக்கும் பொருள்கள் உடலில் உண்டு. வைட்டமின் சி-யை, நம்மைப் போலன்றி, குதிரை தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. வைட்டமின் இ அப்படியன்று. அது தீவனத்தின் வழியேதான் வரவேண்டும். பசும்புல்லில் அது மிகுதி. புல் உலரும்போது பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. உலர்தீவனத்திலேயே காலந்தள்ளும் சுமைக்குதிரை, குறைந்த கையிருப்போடுதான் நோயை எதிர்கொள்கிறது.

அப்படியானால் கடையில் விற்கும் சத்துப் பொடி போதாதா? போதாது. கடும் உழைப்பும் தசைகளில் இதே தீவிர ஆக்சிஜனைப் பெருக்குவதாகும். இருமும் குதிரையை மேட்டில் ஏற்றிக்கொண்டே பொடி கொடுப்பது, அடுப்பை ஊதிக்கொண்டே பொங்கும் பாலில் நீர் தெளிப்பதற்கு ஒப்பாகும். அன்றியும், பொடிகளிற் சேரும் செலினியம் மிகுந்தால் நஞ்சாகும். பிடரிமயிர் உதிரும், குளம்பு பிளவுறும்.

மருத்துவர் கூறும் முறை எளியது. காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு. எவ்வாறாயினும் மூன்று வாரத்துக்குக் குறையலாகாது. அழிந்த மயிரிழைகள் மீண்டும் வளர அவ்வளவு காலம் வேண்டும். எளியது என்றேன், குதிரைக்காரருக்கு அது எளிதன்று. நாட்கூலியை நம்பியவர் மூன்று வாரம் வருவாயின்றி இருப்பதோடு, குதிரைக்குப் புல்லும் வாங்கியாக வேண்டும். ஆகவே காய்ச்சல் தணிந்த மறுநாளே சேணம் ஏறிவிடுகிறது. பல குதிரைகளுக்கு நோய் நிமோனியாவாக முற்றுவதும் அப்போதுதான். ஓய்வுக் காலத்துக்கு அவருக்குத் தீவனச் செலவேனும் கிடைக்கச் செய்வது, பொடிப் பொட்டலம் வழங்குவதினும் பயன் தரும் என்பது என் சொந்த எண்ணம்.