பனித்தரையில் ஐந்துக்கு நான்கு



ஓட்டப் பந்தயத்தில் யார் முந்தினார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். காற்பந்தில் வலைக்குள் புகுந்த பந்து சொல்லிவிடும். ஆனால் பனித்தரைச் சறுக்கு நடனத்தில் வென்றவர் யார் என்பதைச் சொல்ல மனிதர்கள்தாம் வேண்டும். குதித்துச் சுழன்று கீழே இறங்கியதற்கு ஒரு கணக்குப் போடலாம். இசையோடு இழைந்து ஆடியதற்கு என்ன கணக்கு? பாட்டுப் போட்டிக்கும் பரதநாட்டியப் போட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 'நடுவர்களின் முடிவே இறுதியானது' என்ற வரி பாரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி ஒருமுறை ஒலிம்பிக்கிலேயே உடைந்துபோனது.

2002 பிப்ரவரி 11. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜோடிகளுக்கான இறுதிச் சுற்று. ரஷ்யாவின் எலீனா பெரெஷ்னயா, அந்தோன் சிகாருலிட்ஸே ஜோடி ஒரு பக்கம். கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே ஜோடி மறுபக்கம். ஆட்டத்திற்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதே சாலேயும் சிகாருலிட்ஸேயும் மோதிக்கொண்டார்கள். பிறகு ரஷ்ய ஜோடி ஆடியது. ஆட்டத்தில் நுட்பம் அதிகம். ஆனால் ஒரு குதிப்பிலிருந்து இறங்கும்போது சிகாருலிட்ஸேயின் கால் சற்றே தடுமாறியது. கனடா ஜோடி பிழையே இல்லாமல் ஆடி முடித்தது. அரங்கம் எழுந்து நின்றது. ஒன்பது நடுவர்களில் ஐவர் ரஷ்யாவையும் நால்வர் கனடாவையும் முதலிடத்தில் வைத்தார்கள். தங்கம் ரஷ்யாவுக்கு.

அன்றைய முறை எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடுவரும் 6.0-க்கு இரண்டு மதிப்பெண்கள் இடுவார். ஒன்று நுட்பத்திற்கு, மற்றது கலைநயத்திற்கு. 1984-இல் சரயேவோவில் பிரிட்டனின் டோர்வில், டீன் ஜோடிக்கு ஒன்பது நடுவர்களும் கலைநயத்திற்கு முழு 6.0 கொடுத்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மதிப்பெண்களைக் கூட்டி வெற்றி முடிவாவதில்லை. ஒவ்வொரு நடுவரும் யாரை முதலில் வைத்தார், யாரை இரண்டாவதாக வைத்தார் என்பதே கணக்கு. பெரும்பான்மை எந்தப் பக்கமோ, வெற்றியும் அந்தப் பக்கம். ஆகவே ஐந்துக்கு நான்கு என்று பிளவுபட்ட ஒரு போட்டியில் ஒரே ஒரு நடுவரைத் திருப்பினால் தங்கமே திரும்பிவிடும்.

அந்த ஒருவர் பிரான்ஸ் நாட்டு நடுவர் என்ற பேச்சு மறுநாளே எழுந்தது. தம் நாட்டுச் சங்கத் தலைவர் நெருக்கியதால் ரஷ்யாவுக்கு வாக்களித்ததாக முதலில் சொன்ன அவர், பிறகு அதை மறுத்தார். பிரான்ஸின் ஐஸ் நடன ஜோடிக்கு ஆதரவு கிடைப்பதே இதற்குக் கைமாறு என்பது குற்றச்சாட்டு. இருவருக்கும் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. கனடா ஜோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டது. ரஷ்யர்களின் தங்கம் பறிக்கப்படவில்லை.

கனடாவுக்கு நியாயம் கிடைத்தது என்று உலகம் கைதட்டியது. ரஷ்ய ஜோடியை யார் நினைத்தார்கள்? பெரெஷ்னயா 1996-இல் பயிற்சியின்போது, அப்போதைய ஜோடியாளரின் காலணிக் கத்தி தலையில் பாய்ந்து மண்டையோடு உடைந்தவர். மீண்டும் பேசவே பழக வேண்டியிருந்தது. அப்படி எழுந்து வந்த பெண்ணின் பதக்கத்தின்மேல், அவர் செய்யாத குற்றத்தின் நிழல் விழுந்தது. திருட்டுத் தீர்ப்பு தோற்றவரை மட்டுமன்றி வென்றவரையும் கொள்ளையடிக்கிறது.

இதன் விளைவாக 6.0 முறை கைவிடப்பட்டு, 2004-இல் புதிய முறை ஏற்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு குதிப்புக்கும் சுழற்சிக்கும் அடிப்படை விலை உண்டு. தொழில்நுட்பக் குழு ஒன்று ஒளிப்பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்து, சுழற்சி கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் விலையைக் குறைக்கும். அதன்மேல் நடுவர்கள் தரத்திற்கேற்பக் கூட்டியோ கழித்தோ இடுவார்கள். மிக அதிகமும் மிகக் குறைவும் நீக்கப்பட்டுச் சராசரி எடுக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடவே ஒரு வினோதமும் வந்தது. நடுவர்களை யாரும் நெருக்கக்கூடாது என்பதற்காக, யார் எத்தனை இட்டார் என்பதையே மறைத்துவிட்டார்கள். வீட்டில் திருடு போனதும் விளக்கை அணைத்து வைத்ததைப் போல!

2014-இல் சோச்சியில் அதன் பலன் தெரிந்தது. ரஷ்யாவின் சோட்னிகோவா 224.59 புள்ளிகளுடன் கொரியாவின் கிம் யூனாவை 5.48 புள்ளிகளில் வென்றார். இறுதிச் சுற்றின் நடுவர்களில் ஒருவர் ரஷ்யச் சங்கத்தின் உயர் நிர்வாகியின் மனைவி. அவர் நேர்மையாகவே மதிப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் இட்டது எது என்று காட்ட வழியில்லை. கொரியாவின் முறையீடு தள்ளுபடியானது. பெயர் மறைக்கும் வழக்கம் 2016-இல்தான் கைவிடப்பட்டது.

விலைப்பட்டியல் வந்ததும் ஆட்டக்காரர்களும் வியாபாரிகளாகத்தானே மாறுவார்கள்? களைத்த பின் குதிப்பது கடினம் என்று, இரண்டாம் பாதிக் குதிப்புகளுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் தரப்பட்டது. 2018-இல் பியோங்சாங்கில் 15 வயது ஸகிட்டோவா இறுதிச் சுற்றின் எல்லாக் குதிப்புகளையும் இரண்டாம் பாதியில் குவித்தார். அந்தச் சுற்றில் அவரும் சக நாட்டவரான மெட்வடேவாவும் பெற்றது ஒரே புள்ளி, 156.65. மொத்தத்தில் தங்கத்தை முடிவு செய்தது 1.31 புள்ளி. 2010-இல் வான்கூவரில், நான்கு சுற்றுக் குதிப்பே செய்யாத அமெரிக்காவின் லைசாசெக், அதைச் செய்த பிளுஷென்கோவை வென்றதும் அதே 1.31 புள்ளியில்தான்! 2018-இலேயே விதி திருத்தப்பட்டு, இறுதிச் சுற்றில் கடைசி மூன்று குதிப்புகளுக்கு மட்டும் கூடுதல் என்றானது. 2022-இல் மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17-ஆக உயர்த்தவும் முடிவு செய்தார்கள். பிஞ்சு உடல்களை வைத்துப் பதக்கம் தேடுவதற்கு அப்போதுதான் கொஞ்சம் கடிவாளம் விழுந்தது.

பியோங்சாங்கில் மலேசியரும் ஒருவர் ஆடினார். பனியே பெய்யாத நாட்டில், பேரங்காடிப் பனித்தளத்தில் பழகிய ஜூலியன் யீ, குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் ஆடிய முதல் மலேசியர். முதல் சுற்றில் 24 பேர் தேர்வு, அவர் 25-ஆவது. அவருடைய ஒவ்வொரு குதிப்புக்கும் எந்த நடுவர் என்ன இட்டார் என்பது, பெயரோடு அச்சான தாளில் இன்றும் இருக்கிறது.