பல்லில்லாத சக்கரங்கள்

ஆனி ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொணரும் தென்மேற்குக் காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, தென்காசியைத் தாண்டிச் சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. பேருந்தில் செல்கையில் அவற்றை எண்ணிப் பாராத பிள்ளை உண்டோ? பெரிய ஆலைகளின் இறகுகள் நிமிடத்திற்கு 15, 20 முறையே சுற்றுகின்றன. மின்னாக்கிக்கோ 1000, 1500 சுற்றுகள் வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் இடையே நின்று வேகத்தைப் பெருக்குவது பற்சக்கரப் பெட்டியே.

பற்சக்கரம் ஏன் இரைகிறது? கணக்கும் பௌதிகமும் போதித்தவன் பேசினால் கணக்கு வராமற் போகாது. 20 பற்களுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 1500 முறை சுழன்றால், நொடிக்கு 25 சுற்று. அதாவது 500 பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பல்லைத் தட்டுகின்றன. அத்தட்டல்களே சேர்ந்து ரீங்காரமாகக் கேட்கின்றன. எண்ணெய் அதனைத் தணிக்கும், ஒழிக்காது. தேய்மானமும் உடன் உண்டு. சூறைக்காற்றில் பல் முறிந்துவிட்டால், பாரந்தூக்கி வந்து பெட்டியை இறக்கிச் சீர்செய்யும் வரையில் ஆலை நிற்கும். அதுவும் காற்று மிகுந்த மாதத்தில் நேர்ந்தால், அறுவடை நாளில் அரிவாள் முறிந்த கதைதான்.

தொடாமலே சுழற்ற இயலாதா? கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காந்தக் கலக்கியைக் கண்டிருப்பீர்கள். அடியில் ஒரு காந்தம் சுழல, கண்ணாடிக் குடுவைக்குள் கிடக்கும் சிறு காந்தத் துண்டும் உடன் சுழல்கிறது. ஆயினும் இரண்டின் வேகமும் ஒன்றே. வேகத்தை மாற்றுவதற்குச் சிறிது தந்திரம் வேண்டும்.

ஒன்றனுள் ஒன்றாக இரு வளையங்கள். உள்வளையத்தில் 4 இணைக் காந்த முனைகள். வெளிவளையத்தில் 22 இணை. நடுவே அசையாது நிற்கும் 26 இரும்புத் துண்டுகள். நான்கும் இருபத்திரண்டும் இருபத்தாறு, கவனித்தீர்களா? உள்வளையத்தின் காந்தப்புலம் இவ்விரும்புச் சாளரங்களின் ஊடே வருகையில் உருமாறி, 22 இணை முனைகளுள்ள புலமாக வெளிவளையத்துக்குத் தோன்றுகிறது. ஆகவே இரண்டும் பிணைகின்றன. வெளிவளையம் ஒருமுறை சுற்றினால் உள்வளையம் எதிர்த்திசையில் ஐந்தரை முறை சுற்றும். பல்லே இல்லாத இதற்குக் காந்தப் பற்சக்கரம் என்று பெயர்!

ஆம்ஸ்ட்ராங் என்பவர் காந்தங்களால் விசையைக் கடத்தும் சக்கரத்துக்கு அமெரிக்காவில் 1901இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய காந்தங்கள் வலுவற்றவை. நியோடைமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம் 1980களில் பிறந்த பின்னரே வழி திறந்தது. நான் கூறிய இருவளைய அமைப்பின் ஆற்றலை 2001இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் அட்டாலா, ஹௌ இருவரும் விளக்கினர்.

இதன் சிறப்பு ஓசைக்குறைவு மட்டுமன்று. பாரம் மிஞ்சினால் வளையங்கள் முறியாமல் நழுவும். பாரம் தணிந்தபின் மீண்டும் பிணைய வல்லவை. இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் மிகைப்படுத்தலாகாது. காற்றாலையருகே குடியிருப்போர் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு இறகுகள் காற்றைக் கிழிப்பதால் எழுவது; அதற்கு இது மருந்தன்று. வளையங்களின் இடைவெளி மிக நுட்பமாக அமைய வேண்டும். வெப்பம் ஏறினால் காந்தம் வலுக்குன்றும். விலையும் அதிகம்.

அந்த நியோடைமியம் நமக்கு அயலானதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் அது அடங்கியிருக்கிறது. எனினும் அதனைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்குவது நெடிய வேலை. மோனசைட்டில் தோரியமும் இருப்பதால் கதிரியக்கக் காவலும் உடன் வேண்டும்.