ஆட்டுக்கொல்லி நோயும் சாயம் காட்டும் சோதனையும்



தாராபுரம், மூலனூர், காங்கயம், வெள்ளகோவில் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போகிறார். வாரச் சம்பளம் மளிகைக்கும் வட்டிக்கும் சரியாய்ப் போய்விடுகிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டுமென்றால் கொறங்காட்டில் மேயும் செம்மறியில் இரண்டைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டு போக வேண்டியதுதான். அந்தப் பட்டியில் நோய் விழுந்தால் என்ன ஆகும்?

ஒரு அம்மா என்னிடம் வந்தார். "ஏனுங்க டாக்டர், சந்தையில மூணு குட்டி வாங்கியாந்து பட்டியில உட்டனுங்க. பத்து நாள்ல எல்லாம் மூக்கு ஒழுகுது, கழியுதுங்க. சளின்னு நெனச்சு மருந்துக் கடையில ஊசி வாங்கிப் போட்டனுங்க" என்றார். அவர் வந்தபோது பாதிப் பட்டி காலியாகியிருந்தது.

அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. மூக்கு ஒழுகுவது சாதாரணச் சளியிலும் உண்டு. இருமல் நிமோனியாவிலும் உண்டு. கழிச்சல் குடற்புழுவிலும் உண்டு. ஆட்டுக்கொல்லியில் இவையெல்லாம் சேர்ந்து வரும். முதலில் கடும் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஒழுகுவது பிறகு கெட்டியாகி மூக்கை அடைக்கும். ஈறிலும் நாக்கிலும் தவிடு தூவினாற்போலப் புண். வாய் நாறும். அதன் பின் கழிச்சலும் மூச்சிரைப்பும். தடுப்பூசி காணாத பட்டி என்றால் பாதிக்கு மேல் சாகக்கூடும். பி.பி.ஆர். என்று டாக்டர்கள் எழுதுவது இந்த நோயைத்தான்.

பெரியவர்களுக்கு மாட்டு வெக்கை நினைவிருக்கும். அந்த வெக்கைக் கிருமியும் ஆட்டுக்கொல்லிக் கிருமியும் பங்காளிகள். ஆட்டுக்கு வந்ததையும் வெக்கை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1987-ல் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில் செம்மறிகளுக்கு நோய் கண்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து விஞ்ஞானிகளும் நம் தமிழ்நாட்டுக் கால்நடை அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்து, இது ஆட்டுக்கொல்லி என்று 1989-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோயை உறுதி செய்தது அதுவே முதல் தடவை.

பங்காளிகள் இருவரில் ஒருவனை மட்டும் அடையாளம் பிடிப்பது எப்படி? சாயப்பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பருத்தித் துணிக்கென்று உள்ள சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. சாயம் ஏற்றிய துணியை அலசினால் ஒட்டாத சாயம் போய்விடும், ஒட்டியது நிற்கும். (போன சாயம் எங்கே போயிற்று என்று நொய்யல் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) உடம்பில் நோய்க்கு எதிராக ஊறும் எதிர்ப்புப் பொருளும் இப்படித்தான். எந்தக் கிருமிக்கென்று உண்டானதோ அதில்தான் ஒட்டும்.

ஒரே கிருமியில், அதிலும் ஒரே இடத்தில் ஒட்டக்கூடிய எதிர்ப்புப் பொருளை வேண்டிய அளவு தயாரிக்க 1975-ல் இங்கிலாந்தில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் வழி கண்டார்கள். எதிர்ப்புப் பொருள் சுரக்கும் எலியின் செல்லையும், சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். இதற்காக 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதை வைத்து நடக்கும் சோதனைக்கு எலிசா என்று பெயர். பணியாரக் கல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டு. குழியின் அடியில் எதிர்ப்புப் பொருளைப் பதித்திருப்பார்கள். ஆட்டின் மூக்கைத் துடைத்த பஞ்சைக் கரைத்து அதில் விடுவார்கள். கிருமி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அலசிவிட்டு, நொதி கட்டிய இன்னொரு எதிர்ப்புப் பொருளை விடுவார்கள். கிருமி இருந்தால் அதுவும் ஒட்டும். மறுபடி அலசி ஒரு ரசாயனத்தை ஊற்றினால் நொதி அதை நிறம் மாற்றும். நிறம் வந்தால் ஆட்டுக்கொல்லி. நம் நாட்டில் முக்தேசுவரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கான சோதனைப் பெட்டியைத் தயாரித்திருக்கிறார்கள்.

ஆனால் பஞ்சு எடுக்கும் காலம் முக்கியமுங்க. காய்ச்சல் அடிக்கும்போது, மூக்குத் தண்ணீராக ஒழுகும் முதல் சில நாளில் எடுக்க வேண்டும். ஆடு தேறிய பிறகு எடுத்தால் கிருமி கிடைக்காது. ஆகையால் இரண்டு ஆடு சேர்ந்தாற்போல ஒழுகினாலே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். மாதிரியை ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

நோய் என்று தெரிந்துவிட்டால் மருந்து என்ன? கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. சேர்ந்து வரும் நிமோனியாவுக்கு ஊசி, கழிச்சலுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர், வாய்ப்புண்ணுக்குப் போரோகிளிசரின், மென்மையான தீனி, இவ்வளவுதான். ஆகவே முன்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி. அரசூர்க் கிருமியையும், 1997-ல் கோயமுத்தூரில் வெள்ளாட்டில் எடுத்த கிருமியையும் வீரியம் குறைத்து இங்கேயே தடுப்பூசி செய்தார்கள். இமாசலத்துச் சுங்கிரிக் கிருமியில் செய்ததும் உண்டு. நாலு மாதம் தாண்டிய ஆட்டுக்குத் தோலடியில் ஒரு மில்லி. குறைந்தது மூன்று வருஷம் காக்கும். அதற்கு முன் போட்டால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருளே தடுப்பூசியை வீணாக்கிவிடும். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முகாமில் டாக்டர் அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டு வெக்கை இப்படித் தடுப்பூசியும் சோதனையும் சேர்ந்துதான் ஒழிந்தது. 2011-ல் உலகம் முழுவதிலும் அது இல்லை என்று அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க வேண்டுமென்று குறி வைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா போகும்போது இன்னொன்றும் கேட்டார். "வாங்குற குட்டிக்கு ஊசி போட்டிருக்கான்னு ரத்தத்தச் சோதிச்சாத் தெரியாதுங்களா?" நல்ல கேள்வி. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரியும். ஆனால் அது ஊசியால் வந்ததா, நோய் கண்டு பிழைத்ததால் வந்ததா என்று இப்போதுள்ள சோதனை பிரித்துச் சொல்லாது. அதனால் விற்பவரிடம் ஊசி போட்ட தேதியைக் கேட்டு வாங்குங்கள். கன்னிவாடியிலோ குண்டடத்திலோ வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். உங்கள் பட்டிக்கு ஊசி போட்ட தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.