ஷின்ஜி கோழையா?



ஜப்பானில் உருவான 'நியான் ஜெனிசிஸ் இவாங்கெலியன்' என்ற அனிமே தொடர், 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஒளியேறியது. மொத்தம் 26 பாகங்கள். இயக்கியவர் ஹிடேயாக்கி அன்னோ. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அதன் ரசிகர்கள் ஒரு கேள்வியை விட்டபாடில்லை. கதாநாயகன் ஷின்ஜி இகாரி கோழையா? அல்லது காயம்பட்ட பிள்ளையா?

முதலில் கதையைப் பார்ப்போம். ஷின்ஜிக்கு வயது 14. அவன் சின்னஞ்சிறுவனாக இருந்தபோதே தாய் யூய் ஓர் ஆய்வுச் சோதனையில் மறைந்துவிட்டார். தந்தை கெண்டோ அவனை வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். பல ஆண்டுப் பிரிவுக்குப் பின் தந்தையிடமிருந்து அழைப்பு வருகிறது. வந்த மகனிடம் அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. 'இவா' என்ற இராட்சத உருவத்துக்குள் ஏறிப் போரிட வேண்டும், முடியாவிட்டால் திரும்பிப் போகலாம் என்கிறார்.

பையன் மறுக்கிறான். உடனே, உடலெங்கும் கட்டுப் போட்ட ரேய் என்ற சிறுமி படுக்கையோடு கொண்டுவரப்படுகிறாள். அவளைத் தாங்கிப் பிடித்த ஷின்ஜியின் கையில் இரத்தம். அதன் பிறகே அவன் சம்மதிக்கிறான். சம்மதித்தது துணிவினாலா, இரக்கத்தினாலா, அல்லது தந்தை மறுபடியும் கைவிட்டுவிடுவார் என்ற அச்சத்தினாலா? விவாதம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு சாரார் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இயந்திர மனிதர்களை ஓட்டும் கதைகளில் நாயகன் முன்வந்து போரிடுபவன். ஷின்ஜியோ புலம்புகிறான். நான்காம் பாகத்தில் வீட்டைவிட்டே போய்விடுகிறான். உலகம் அழியும் வேளையில் இப்படி ஒருவன் நாயகனா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

மறுசாரார் அதே நான்காம் பாகத்தின் முடிவைக் காட்டுகிறார்கள். ஊரைவிட்டுப் போக நிலையத்தில் நிற்கிறான். இரயில் வந்து போகிறது. அவன் ஏறவில்லை. ஓடிப்போனது மட்டும் கணக்கில் வருகிறது, நின்றது ஏன் வருவதில்லை என்பது இவர்கள் கேள்வி.

பன்னிரண்டாம் பாகத்தில் காரணம் அவன் வாயிலிருந்தே வருகிறது. ஒரு வெற்றிக்குப் பிறகு தந்தை அவனைப் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டைக் கேட்பதற்காகத்தான் இவாவில் ஏறுகிறேன் போலும் என்கிறான். உடனிருந்த ஆசுகா அவனை முட்டாள் என்கிறாள். ஆனால் 18ஆம் பாகத்தில், அதே தந்தையின் கட்டளையால் இவா ஷின்ஜியின் கட்டுப்பாட்டிலிருந்து பறிக்கப்படுகிறது. அவன் கதறக் கதற, வகுப்புத் தோழன் இருக்கும் மற்றோர் இவாவை அது நொறுக்குகிறது. எந்தப் பாராட்டுக்காக ஏறினானோ, அதன் விலை அன்று தெரிந்தது.

கதை சொன்ன முறையும் கவனிக்கத்தக்கது. 24ஆம் பாகத்தில், தன்னிடம் அன்பு காட்டிய காவோருவைக் கொல்வதா வேண்டாமா என்ற நிலை. ஏறக்குறைய ஒரு நிமிடம் திரையில் அசைவே இல்லை. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஒலிக்கிறது. அவன் தயக்கத்தை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. பார்ப்பவரும் சேர்ந்து தயங்க வேண்டியிருக்கிறது.

கடைசி இரண்டு பாகங்களில் போரே இல்லை, ஷின்ஜியின் மனம்தான் களம். ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். 1997இல் 'தி எண்ட் ஆஃப் இவாங்கெலியன்' என்ற திரைப்படம் வேறொரு முடிவைக் காட்டியது. தன்னால் மகனுக்குத் துன்பமே விளையும் என்று அஞ்சி விலகியதாகத் தந்தை அதில் ஒப்புக்கொள்கிறார். 2021இல் வெளிவந்த நிறைவுப் படத்தில், சண்டையால் தீராது என்று உணர்ந்த மகன், தந்தையைப் பேசவைத்துக் கேட்கிறான். மனைவியை இழந்த மனிதனின் தனிமை அப்போது வெளிப்படுகிறது.

நேயர்களே, காரணத்தை அறிவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. தனிமையில் வாடினார் என்பதற்காகக் கெண்டோ மகனைக் கைவிட்டது சரியாகிவிடாது. காயம்பட்டவன் என்பதற்காக, 1997 படத்தில் ஷின்ஜி ஆசுகாவின் கழுத்தை நெரிப்பதும் சரியாகிவிடாது. காரணம் தெரிந்தால் தீர்ப்பு எளிதாகிவிடும் என்பதில்லை. ஆனால் காரணம் தெரியாமல் தருவது தீர்ப்பே ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஷின்ஜியைக் கோழை என்று தள்ளுபவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் யாருடையது? உதவினால் இரு, உதவாவிட்டால் போ என்றது கெண்டோ. எந்தத் தந்தையை அந்த ரசிகர்கள் வெறுக்கிறார்களோ, அவருடைய கோலைக் கொண்டே பிள்ளையை அளக்கிறார்கள். 14 வயதுப் பிள்ளை பயப்படுவது குற்றமன்று. பயந்தவனைப் பார்த்து, ஏனப்பா பயப்படுகிறாய் என்று கேட்க அந்த வீட்டில் ஒரு பெரியவர் இல்லாமல் போனதுதான் குறை.

மதிப்பெண் குறைந்த பிள்ளையும், போட்டியிலிருந்து விலகிய பிள்ளையும் எல்லா ஊரிலும் உண்டு. 'சோம்பேறி', 'பயந்தாங்கொள்ளி' என்று சொல்ல ஒரு நொடி போதும். 'ஏன்' என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும். ஒரு கார்ட்டூன் பாத்திரத்துக்காக ரசிகர்கள் இத்தனை ஆண்டுகள் செலவிட்ட அந்தப் பொறுமையில் ஒரு பங்கு, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.