வழிகாட்டிய கணித ஆசான்



கல்லூரியில் கணிதம் பயிலும் மாணவர்களாகிய நாங்கள் இவ்வெள்ளி விழாவில் ஓர் ஆசானை நினைவுகூர விழைகிறோம். கடற்கரை நிலையத்தில் மின்சார இரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் நுங்கம்பாக்கம். அங்குள்ள இலயோலாக் கல்லூரியில் பல்லாண்டுகள் கணிதம் போதித்தவர், பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் சார்லஸ் ரசீன். பாரிசில் எலி கார்த்தான் என்னும் கணித மேதையிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர், 1937இல் இந்தியா வந்தவர், 1976இல் மறைந்தார்.

தேர்வுக்குரிய பாடத்தோடு அவர் நின்றாரில்லை. ஐரோப்பாவில் அன்று வளர்ந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தை மாணவர்முன் வைத்தார். திறமை கண்டவர்களைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்லத் தூண்டினார். அவ்வாறு 1953இல் சென்றவர்கள் நரசிம்மனும் சேஷாத்ரியும். முன்னவர் தண்டரை என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்தவர். 1965இல் இருவரும் கூடி வெளியிட்ட தேற்றம் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது.

ஆற்றல் அவர்களுடையதே. ஆயினும், பம்பாயில் அப்படியோர் இடம் உண்டு, போ என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்பவர் யார்? மீன் ஏலத்தில் கூடை விலையை நொடியில் பெருக்கிச் சொல்லும் தாய்மாரின் பிள்ளைகள், 'கணக்கு நமக்கு வராது' என்று பத்தாம் வகுப்போடு ஒதுங்குகிறார்கள். அச்சொல்லைப் பிள்ளைகள் தாமாகக் கற்றதில்லை. கடைசிப் பலகையில் அமர்த்தப்பட்ட எங்களுள் சிலர் அதை நன்கறிவோம்.

ஆதலின், வரும் ஞாயிறு முதல் மாலை ஆறு மணிக்குச் சங்கப் படிப்பகத்தில் நாங்கள் காத்திருப்போம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். கரும்பலகை ஒன்றை மட்டும் சங்கம் வாங்கித் தர வேண்டுகிறோம்.