ஒரே வாக்கில் நூற்றேழு பெயர்

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக அமைந்ததோ அவர் தமது உத்தியோக காலம் முழுவதையும் கச்சேரியில் கழித்தவர். கோப்பில் ஒரு பெயர் ஏறினால் பக்கத்தில் காரணமும் ஏறவேண்டும் என்பதில் பிடிவாதக்காரர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அரச பதவிகளுக்குப் பெயர்கள் வந்து சேரும் வழியை இன்றைய பொருளாக நான் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

2025 ஒக்ரோபர் 7ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபை 107 பேரின் நியமனத்தை ஒரே வாக்கெடுப்பில் உறுதிசெய்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 47. அந்த 107 பேருக்குள் இந்தியாவுக்கான தூதுவர் சேர்ஜியோ கோரும் இருந்தார். பஹாமாஸ் தீவுகளுக்குப் போகும் முன்னாள் அமெரிக்க உதைபந்தாட்ட (American football) வீரர் ஹேர்ஷல் வோக்கரும் இருந்தார். மூன்று வாரத்துக்கு முன், செப்ரெம்பர் 18இல், 48 பேர் இதே முறையில் தேறியிருந்தார்கள். டிசம்பரில் இன்னும் 97 பேர்.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதவிகளுக்குச் செனற்றின் ஒப்புதல் வேண்டும். முன்பெல்லாம் சிறிய பதவிகளை ஆட்சேபமின்றிச் சேர்த்து விட்டுவிடுவார்கள். டொனால்ட் ட்ரம்பின் இரண்டாவது ஆட்சியில் எதிர்க்கட்சியினர் அந்த விட்டுக்கொடுப்பை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனி வாக்கு, மணிக்கணக்கான காத்திருப்பு. ஆளுங்கட்சி பொறுமையிழந்து சபை வழக்கத்தையே மாற்றிவிட்டது. அமைச்சரவைப் பதவிகளும் நீதிபதிகளும் இந்தக் கட்டுக்குள் வரமாட்டார்கள். குழு விசாரணையும் உண்டு. மாறிப்போனது ஒன்றுதான். பழைய வழக்கத்தில் ஒரேயொரு உறுப்பினர் ஆட்சேபித்தாலே அந்தப் பெயர் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும். இப்போது அப்படிப் பிரிக்க வழியில்லை. 106 பேரை ஏற்றுக்கொண்டு ஒருவரை மறுக்க விரும்பும் உறுப்பினருக்கு அந்த விருப்பத்தைப் பதிவுசெய்ய இடமே கிடையாது.

இது நமக்குப் புதிய அனுபவமா? எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்து முடிப்பார். தேநீரும் வடையும் பின்கதவால் வந்துகொண்டிருக்கும். யாரோ ஒருவர் எழும்பி, "பழைய நிர்வாகமே இருக்கட்டும், நல்லாத்தானே செய்யினம்" என்பார். அதை வழிமொழிய ஒரு குரல் எப்போதும் தயாராக இருக்கும். கைதட்டலோடு தெரிவு முடிந்துவிடும். கணக்கில் ஒரு கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர் அதோடே வீட்டுக்குத் திரும்புவார். அவருக்குத் தலைவரில் நல்ல மதிப்பு, செயலாளர் அவருடைய மச்சான். பொருளாளரை மட்டும் மாற்றவேண்டும் என்று சொல்ல அந்தத் தெரிவில் இடமிருக்கவில்லை.

பெயர்களைக் கூட்டமாகக் கையாள்வதால் அரசியல் என்னவாகும் என்பதற்கு இந்தத் தீவில் பழைய உதாரணம் 1936. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அவரே அமைச்சர். அதாவது நிர்வாகத்தை நடத்துகிறவர்களைச் சட்டவாக்க சபையே, குழு குழுவாகக் கூடி, உறுதிசெய்தது. 1931 தேர்தலைக் குடாநாடு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுப் புறக்கணித்திருந்தது. வெறுமையாகக் கிடந்த வடக்கின் ஆசனங்கள் 1934இல்தான் நிரம்பின. ஆனாலும் அந்த முதல் அமைச்சரவையில் சிங்களவரல்லாத பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். வடக்கும் பங்குபற்றிய 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள்.

எப்படி நடந்தது? ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை தம் பக்கம் விழும்படி உறுப்பினர்களைப் பங்கிட்டார்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்பது அந்நாளிலிருந்தே வழங்கும் பேச்சு. உரும்பிராயில் பிறந்து, வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினராகி, பின்னாளில் தனி ஈழம் கேட்டவர் அவர். அரசியல் சீர்திருத்தக் கோரிக்கையைத் தேசாதிபதியிடம் ஒரே குரலில் வைப்பதற்கே அந்த ஏற்பாடு என்று அமைச்சர் டி.பி. ஜயதிலக்க தரப்பு விளக்கம் சொன்னது. விளக்கம் எதுவானாலும், தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு குழுவின் தெரிவும் முறையானதே. ஏழையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அநீதி கண்ணில் பட்டது. 1942இல் அ. மகாதேவா உள்நாட்டு அமைச்சரானபோது அது ஓரளவு தணிந்தது. அதற்குள் தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் குரல் நன்றாகவே ஏறியிருந்தது.

ஆகவே கூட்டமாகப் பார்ப்பதை முழுவதும் பிழையென்று தள்ள என்னால் முடியவில்லை. சேர்ந்து ஒரு மேசையில் இருந்து தீர்ப்புச் சொல்லப்போகிறவர்களைச் சேர்த்தே பார்க்கத்தான் வேண்டும். 2015இல் அமைந்த தேர்தல்கள் ஆணைக்குழு மூவரைக் கொண்டது: மஹிந்த தேசப்பிரிய, என்.ஜே. அபேசேகர, யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல். ஹூலுக்குத் தகுதியுண்டா என்பது ஒரு கேள்வி. மூவரும் சேர்ந்தால் இந்நாட்டின் எல்லா வாக்காளருக்கும் நம்பிக்கை வருமா என்பது வேறொரு கேள்வி. பரிந்துரைகள் சமூகத்தின் பன்முகத் தன்மையைக் காட்ட முயலவேண்டும் என்று, ஆணைக்குழுக்களுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் அரசியலமைப்புப் பேரவைக்கு விதித்திருப்பது இந்த இரண்டாவது கேள்விக்காக. தூதுவரையும் துணைச் செயலாளரையும் சபை ஆணையாளரையும் ஒரே கயிற்றில் கட்டினால் அந்தக் கேள்விக்கே பொருளில்லை. அவர்கள் ஒருநாளும் ஒரு மேசையில் இருக்கப்போவதில்லை.

நமது பேரவையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2001இன் 17ஆம் திருத்தம் அதை உருவாக்கியது. பத்துப் பேர். ஆணைக்குழுக்களுக்கு ஆட்களைப் பேரவையே பரிந்துரைக்கும். பிரதம நீதியரசர், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் போன்ற தனிப் பதவிகளுக்கு ஜனாதிபதி பெயர் அனுப்ப, பேரவை ஒப்புதல் தரும் அல்லது மறுக்கும். வந்த உடனேயே சிக்கல். பேரவை பரிந்துரைத்த தேர்தல் ஆணைக்குழுவின் தலைவராக வரவிருந்தவரை ஜனாதிபதி சந்திரிகா ஏற்கவில்லை. ஒரு பெயரில் பிணக்கு. நிறுத்தி வைக்கப்பட்டதோ முழு ஆணைக்குழுவும். ஆணைக்குழு வரும்வரை தேர்தல் ஆணையாளர் பதவியில் இருக்கவேண்டும் என்று திருத்தம் சொன்னதால், ஓய்வு கேட்டு நீதிமன்றம் வரை போன தயானந்த திசாநாயக்கவால் 2011 வரை ஓய்வுபெற முடியவில்லை. பாவம், அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை.

2005இல் பேரவையின் காலம் முடிந்தது. சிறிய கட்சிகளின் பிரதிநிதி யார் என்பதில் இழுபறி; பத்தாமவர் வராததைக் காரணம் காட்டிப் பேரவையே அமைக்கப்படவில்லை. 2006இல் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஆணைக்குழுக்களைத் தாமே நியமித்தார். அதன் பலனாக 2007இல் மனித உரிமைகள் ஆணைக்குழு சர்வதேசத் தரப்படுத்தலில் கீழிறக்கப்பட்டது. பழைய தரத்தை மீட்க 2018 ஆனது. 2010இன் 18ஆம் திருத்தமும் 2020இன் 20ஆம் திருத்தமும் பேரவையைக் கலைத்து, அபிப்பிராயம் மட்டும் சொல்லும் ஐவர் சபையை வைத்தன. 2015இன் 19ஆம் திருத்தமும் 2022இன் 21ஆம் திருத்தமும் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தன. கட்சி சாராத மூன்று உறுப்பினர்களின் பெயர்களும் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வரவேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு.

தனித்தனியே பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் மயங்கவேண்டாம். 2024 பெப்ரவரியில் பேரவை முன் இருந்தது ஒரேயொரு பெயர்: பொலிஸ் மா அதிபர் பதவிக்குத் தேசபந்து தென்னக்கோன். ஆதரவு 4, எதிர்ப்பு 2, வாக்களியாதோர் 2 என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். ஒப்புதலுக்கு ஐவரின் ஆதரவு வேண்டும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மட்டும் உரிய அறுதியிடும் வாக்கைச் சபாநாயகர் சேர்த்துக் கணக்கை நேராக்கினார் என்பது குற்றச்சாட்டு. நியமனம் நடந்தது. யூலை 24இல் உயர் நீதிமன்றம் அவர் பதவியில் செயற்பட இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்ற் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. உள்ளே யார் என்ன காரணம் சொன்னார் என்பது அன்றே வெளியில் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து. பேரவை கூடுவது மூடிய அறையில். நமக்குக் கிடைப்பது முடிவு மட்டும்.

இதில் நமக்கு நேரடிப் பொறுப்பும் உண்டு. சிறிய கட்சிகளுக்கான அந்தப் பத்தாவது ஆசனத்தில் அண்மைக் காலத்தில் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களே இருந்திருக்கிறார்கள்: தர்மலிங்கம் சித்தார்த்தன், 2024 தேர்தலுக்குப் பின் சிவஞானம் சிறீதரன். தேர்தல் மேடையில் அவர்களிடம் வீதியும் வேலைவாய்ப்பும் கேட்கிறோம். கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு வந்த பெயரில் என்ன நிலைப்பாடு எடுத்தீர்கள், ஏன் என்று எங்கள் கூட்டமொன்றில் யாராவது கேட்டதை நான் கண்டதில்லை.

கடைசியாக ஒரு பதவி. வட மாகாண சபை 2013 ஒக்ரோபரிலிருந்து 2018 ஒக்ரோபர் வரை இயங்கியது. அதன் பின் மாகாண நிர்வாகம் ஆளுநர் கையில். நம் பிள்ளைகள் படிக்கும் மாகாணப் பாடசாலை ஆசிரியரின் இடமாற்றம் முதல் ஆதார வைத்தியசாலையின் ஆளணி வரை அந்த மேசைக்கே போகின்றன. அந்தப் பதவியோ பேரவை பரிந்துரைக்கும் பட்டியலிலும் இல்லை, ஒப்புதல் தரும் பட்டியலிலும் இல்லை. ஜனாதிபதியின் கையொப்பம் ஒன்றே போதும். 2024 செப்ரெம்பர் இறுதியில் புதிய ஜனாதிபதியின் கீழ் ஆளுநர்கள் ஒரு தொகுதியாகப் பதவியேற்றார்கள். வடக்குக்கு வந்தவர் யாழ் மாவட்டச் செயலாளராக இருந்து நமக்கு நன்கு அறிமுகமான நா. வேதநாயகன். நல்ல தெரிவு என்று பலரும் மகிழ்ந்தோம், நானும்தான். நல்லவர் வந்தது தற்செயல். அடுத்தவர் யாரென்று கேட்க நம்மிடம் ஒரு வழியும் இல்லை. அரசியலமைப்பை மறுபடி திருத்தும் நாள் வரும்போது ஆளுநர் பதவியையும் பேரவையின் ஒப்புதலுக்குள் கொண்டுவரும்படி நமது உறுப்பினர்கள் கேட்கவேண்டும். ஒன்பது பெயரும் ஒரு தாளில் வரக்கூடாது. வட மாகாணத்துக்கு ஒரு தாள். அதில் பெயரும் காரணமும். அந்தந்த மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அவரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்க ஒரு நாள்.