வண்டிக்கு மெழுகு: எந்த டப்பா, எப்படிப் பூசுவது?

(அன்னவாசல் வட்டாரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் நிலுவை, தீர்மானம் எல்லாம் வாசித்து முடிச்சாச்சு. டீ வருவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடலாம். போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், வண்டியை வித்துடலாம்னு பாத்தேன். வாங்கி நாலு வருஷம்தான் ஆச்சு. இஞ்சின் நல்லா இருக்கு. ஆனா பாக்க வந்தவரு கலரைப் பாத்துட்டு, இது பத்து வருஷ வண்டி மாதிரி இருக்குன்னு விலையை அடிச்சுப் பேசறாரு. பெயிண்ட் போகாம இருக்க என்னதான் பூசணும்?" அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. சிலர் சிரித்தார்கள், வண்டிக்குப் பவுடர் பூசற கதையான்னு. சிரிக்கிற விஷயம் இல்லை. குழுவில் கடன் வாங்கி, மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய வண்டி அது. நம்மில் பல பேருக்கு வீட்டுப் பத்திரத்தில்கூடப் பெயர் இருக்காது. ஆனால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இருக்கு.

நம்ம மாவட்டத்துக்கும் பெண்கள் வண்டி ஓட்டுவதற்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று வந்தது இல்லை. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். குடுமியான்மலை கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். லேடிஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. முன்பக்க பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி. இங்கே உட்கார்ந்திருக்கிற மூத்த அக்காமார்களில் சிலர் அப்போது விழுந்து எழுந்து கற்றவர்கள்தான். சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது அவர்கள் காலத்துப் பழக்கம். அந்தப் பழக்கம் இன்றைக்கு ஸ்கூட்டிக்கும் வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

கூட்டம் முடிந்த பிறகு நாங்கள் களப் பணியாளர்கள் உட்கார்ந்து இதை விசாரித்தோம். பெயிண்டர்களிடம் கேட்டோம், எங்கள் வண்டியிலேயே செய்து பார்த்தோம். எங்களுடைய தப்பும் அதில் வெளியே வந்தது. அதை அப்புறம் சொல்கிறோம்.

முதலில், பெயிண்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. அடியில் பிரைமர், அதன் மேல் கலர், அதற்கும் மேல் கண்ணாடி போல நிறமில்லாத ஒரு பூச்சு. பளபளப்பு எல்லாம் அந்த மேல் பூச்சில்தான் இருக்கு. இத்தனையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கனம். நம் தலைமுடியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்த மேல் பூச்சு தேய்ந்துபோனால் எந்த டப்பாவை வாங்கினாலும் திரும்பி வராது.

அதைத் தேய்ப்பது யார்? வெயில் ஒரு பக்கம். காக்கா எச்சம், மரத்துப் பிசின் ஒரு பக்கம். கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கேடு காலையில் நாம் செய்கிற வேலைதான். வண்டியை எடுக்கும் முன்னே காய்ந்த துணியால் சரசரவென்று ஒரு துடைப்பு. நம்ம பக்கம் குவாரி, கிரஷர் உள்ள ஊர்களில் வண்டி மேல் படிவது வெறும் மண் தூசி இல்லை, கல் பொடி. அது பெயிண்டைவிடக் கெட்டியானது. காய்ந்த துணியில் அதை வைத்துத் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அந்த அக்காவின் வண்டியை வெயிலில் நிறுத்திச் சாய்த்துப் பார்த்தோம். சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல். தினமும் அக்கறையாகத் துடைத்ததுதான் காரணம். சொன்னதும் அவங்க முகம் வாடிப்போச்சு. தூசி வண்டிக்குக் கவர் போட்டாலும் இதே கதைதான், காற்றில் கவர் ஆட ஆட உரசும்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைக்கிறவர்கள் கை தூக்குங்க என்றோம், பாதிக் கூட்டம் கை தூக்கிச்சு! இரண்டு நாளைக்குப் பளபளப்புத் தெரியும், உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பசையில் புழுதி வந்து ஒட்டும், அதை மறுபடி துடைப்போம், மறுபடி கீறும். மண்ணெண்ணெயும் டீசலும் இருக்கிற மெழுகையும் கரைத்துக் கொண்டு போய்விடும்.

சரி, மெழுகுக்கு வருவோம். மெழுகு என்ன செய்கிறது என்றால், பெயிண்ட் மேல் மெல்லிசாக ஒரு படலமாக நிற்கிறது. தண்ணீர் தங்காமல் உருண்டு ஓடும், எச்சமும் பிசினும் நேரடியாகப் பெயிண்டில் பிடிக்காது, கழுவும்போது அழுக்கு லேசாகப் போகும். வெயிலை அது தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். கொஞ்சம்தான் தடுக்கும். வெயிலுக்கு நிழல்தான் மருந்து. மெழுகு பூசியாச்சே என்று ரேஷன் கடை வாசலில் உச்சி வெயிலில் நிறுத்தாதீங்க.

கடையில் கேட்டால் மூன்று விதமான பொருளை ஒரே பேரில், 'பாலிஷ்' என்று எடுத்து வைப்பார்கள். நாங்கள் ஏமாந்ததும் இங்கேதான்.

ஒன்று, ரப்பிங் காம்பவுண்ட். இது மெழுகு இல்லை. அரைத்த பொடி கலந்த பசை, தேய்த்து எடுக்கிற சாமான். மேல் பூச்சைக் கொஞ்சம் சீவி எடுப்பதால்தான் புதுசு மாதிரி மின்னுது. எங்கள் ஆபீஸ் வண்டிக்கு இதைத்தான் மெழுகு என்று நினைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு வருஷம் விடாமல் தேய்த்தோம். ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பிரைமர் எட்டிப் பார்த்த பிறகுதான் டப்பாவைப் படித்தோம். படித்தவர்கள் என்று பேர்! பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இதே வகைதான். மங்கிப் போன வண்டிக்கு, கை தெரிந்த பெயிண்டர் எப்போதாவது ஒரு தடவை காம்பவுண்ட் போடலாம். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் "மெஷின் பாலிஷ் போடவா" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

இரண்டாவது, உண்மையான மெழுகு. நல்ல டப்பாக்களில் கார்னுபா என்று போட்டிருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை அது. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமல் இருக்க அந்த மரமே மெழுகை ஓலை மேல் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே உருகிவிடும், கார்னுபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் நிற்கிற கருப்பு வண்டி மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டாம். மெழுகுவர்த்தியை உரசினால் ஆகாதா என்று ஒரு சகோதரி கேட்டாங்க. அது சீக்கிரம் இளகித் திட்டுத் திட்டாக நிற்கும், புழுதியைப் பிடிக்கும், வேண்டாம்.

மூன்றாவது, சீலண்ட் என்று பாட்டிலில் வருவது. ரசாயன முறையில் செய்த படலம். கார்னுபா நம்ம வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் நிற்கும் என்றால் இது அதைவிடக் கூடுதலாக நிற்கும். விலையும் கூட. மினுமினுப்பு வேண்டுமென்றால் கார்னுபா, அடிக்கடி பூச நேரமில்லை என்றால் சீலண்ட். எங்களைக் கேட்டால், கடற்கரைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு சீலண்ட்தான் நல்லது.

புது வண்டி எடுக்கும்போது "டெஃப்லான் கோட்டிங்" என்று பில்லில் ஒரு தொகை சேர்ப்பார்கள், அதுவும் கடனோடு சேர்ந்து வட்டி ஏறும். டெஃப்லான் என்பது நம்ம நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிற பொருள். அது உருகிப் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெயிண்ட் மேல் அந்தச் சூட்டைக் காட்ட முடியுமா? ஆக அங்கே பூசுவது பேர் மாற்றிய பாலிஷ்தான் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்தப் பணத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே வருகிற மெழுகு வாங்கிடலாம். கூடவே ஒரு நல்ல ஹெல்மெட் வாங்க வழி இருக்கான்னும் பாருங்க.

பூசுகிற விதம். சாயங்காலம் அல்லது காலையில், நிழலில். வண்டி தொட்டால் சில்லென்று இருக்கணும். முதலில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றிப் புழுதியை இறக்கிவிடணும், அந்த நேரம் கை படக்கூடாது. அப்புறம் வண்டி ஷாம்பு. இல்லையென்றால் தலைக்குப் போடும் ஷாம்பு ஒரு பாக்கெட் பரவாயில்லை. துணி துவைக்கிற பவுடர் மெழுகைக் கழுவிக் கொண்டு போய்விடும். தேங்காய் நாரை வண்டிப் பக்கமே கொண்டு வராதீங்க. துணியை அலச ஒரு வாளி, ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்தால், அலசிய மண் திரும்ப வண்டிக்கு ஏறாது. மேலிருந்து கீழே வரணும், சக்கரப் பக்கம் கடைசி. நம்ம போர் தண்ணீர் உப்பு, தானாகக் காய விட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். உடனே ஒற்றி எடுத்துவிடுங்க.

ஈரம் முழுக்கப் போன பிறகு மெழுகு. ஈரத் துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்தால் ஒரு பக்கத்து மூடிக்குப் போதும். நாம் தாராள மனசுக்காரர்கள், முகத்துக்கு மஞ்சள் பூசுகிற மாதிரி அப்பிவிடுவோம். கனமாகப் பூசினால் கூடுதலாக நிற்காது, துடைக்கத்தான் கஷ்டம். அங்கங்கே பூசிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போகாமல், ஒரு பாகத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகணும். சில நிமிஷத்தில் பனி படர்ந்த மாதிரி வெளுக்கும். விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. இழுத்த இடம் சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். வேறு ஒரு மெத்துத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். அழுத்தவே வேண்டாம்.

எங்கே பூசக்கூடாது என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. சீட்டில் பூசினால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் உட்கார்ந்த பிள்ளை வழுக்கி முன்னே வரும். கால் வைக்கும் பலகை, கைப்பிடி, டயர், பிரேக் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை பிடித்துக்கொள்ளும். பளபளப்பில்லாத மேட் கலர் வண்டிக்கு மெழுகே கூடாது, திட்டுத் திட்டாக ஆகிவிடும். டப்பாவில் பெட்ரோல் மாதிரி வாசனை வரும், தீப்பிடிக்கிற பொருள் கலந்தது. அடுப்படியில் வைக்காதீங்க, பிள்ளைகள் கைக்கு எட்டவும் வேண்டாம்.

துருப் பிடித்த இடத்துக்கு மேலேயே மெழுகு பூசுவது காயத்துக்கு மேலே பவுடர் போடுகிற மாதிரி. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்க. ஒட்டுகிற பாகம் தகரம், அங்கே பெயிண்ட் பெயர்ந்திருந்தால் துருவைச் சுரண்டி, பிரைமரும் டச்சப் பெயிண்டும் வைத்துக் காயவிட்ட பிறகுதான் மெழுகு. ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக், அது துருப் பிடிக்காது, அவசரம் இல்லை. காக்கா எச்சமும் பலாப் பாலும் பட்டால் சுரண்டாதீங்க. ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்க. வடகாடு, கீரமங்கலம் பக்கம் மரத்தடியில் வண்டி நிறுத்துகிற சகோதரிகளுக்கு இது தினப்படி வேலை.

அடுத்த பூச்சு எப்போது என்று தேதி குறிக்க வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்தால் சேம்பு இலையில் மாதிரி முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கு. பரவிப் படிந்தால் போயிடுச்சு.

200 கிராம் டப்பா ஒன்று, மெல்லிசாகப் பூசினால், ஸ்கூட்டிக்கு இருபது தடவைக்குக் குறையாமல் வரும். ஒரு வீட்டுக்கு ஒன்று எதற்கு? குழுவுக்கு ஒன்று வாங்கி ஊக்குநர் வீட்டில் வைத்தால் போதும், தலைக்குச் சொற்ப ரூபாய்தான் ஆகும். பிள்ளைகளின் பள்ளிக்கூட சைக்கிளுக்கும் அதையே பூசலாம். இதற்காக உள்கடன் கேட்டு யாரும் மனு எழுத வேண்டாம்.

அந்த அக்காவின் வண்டி என்ன ஆச்சு என்று கேட்பீங்க. பெயிண்டர் ஒருவர் கையாலேயே லேசாக ஒரு தடவை பாலிஷ் போட்டுக் கொடுத்தார், அதன் மேல் நாங்கள் மெழுகு பூசினோம். இரண்டு பக்க மூடியும் நன்றாகவே தெளிந்தது. முன்பக்கம் தோல் உரிந்த மாதிரி மேல் பூச்சே போயிருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே புதுசாகப் பெயிண்ட் அடித்தால்தான் உண்டு. விலை கேட்டவர் முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கிறார். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. வண்டியை வைத்துக்கொண்டு ஃபீசுக்குக் கல்விக் கடன் கேட்கலாமா என்று யோசிக்கிறாங்க. அந்த மனு அடுத்த கூட்டத்துக்கு வரும்.

அடுத்த கூட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னதாக வண்டியோடு வந்துடுங்க, சமுதாயக் கூடத்துப் பின்பக்க நிழலில் நாலு வண்டிக்குச் செய்து காட்டுகிறோம். துவைத்த பழைய பனியன் துணி ஆளுக்கு இரண்டு கொண்டு வாங்க. பட்டன், ஜிப் இருந்தால் வெட்டி எடுத்துடுங்க, அதுவே கீறிவிடும். டீ வந்தாச்சு.